பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்பது எப்படி: அடுப்படி, தோட்டம், குடும்ப வரலாறு

பாட்டியின் சமையல் அளவுகள், அவர் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் விதைகள், அவர் தலைக்குள் இருக்கும் உறவுக்காரர் பட்டியல். இந்த மூன்றையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். மூன்று மாத வேலை என்று நினைத்தது பதினாறு மாதம் இழுத்தது. அதில் பாதிக்கு மேல் என் தவறுகளைத் திருத்துவதிலேயே போனது. ஆறு மணி நேரப் பேச்சு மின்விசிறி இரைச்சலில் வீணானது. ஒரே சான்றிதழுக்கு மூன்று தடவை கட்டணம் கட்டினேன். பழைய ஆல்பத்தில் இரண்டு படங்களை நானே கிழித்தேன். நீங்கள் இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதம் தேடி அலைவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அலுவலகத்தில் இருக்கும் பதிவேடு அடுத்த வருடமும் அநேகமாக அங்கேயே இருக்கும். பாட்டியின் ஞாபகத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் முதல் நாள் பாட்டியோடு, மற்றதெல்லாம் அப்புறம்.

1. கையில் என்னென்ன வேண்டும்

தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று (தனித்தாள் வேண்டாம், தொலையும்). 2பி பென்சில். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. 5 மி.லி., 15 மி.லி. அளவுக் கரண்டிகள். காகித உறைகள் ஒரு கட்டு. பேச்சைப் பதிவு செய்ய உங்கள் கைபேசியே போதும். இவற்றில் தராசும், பின்னால் வாங்கப்போகும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கும்தான் சொல்லிக்கொள்ளும்படியான செலவு.

குடும்ப மரம் வரைய மாதச் சந்தா கட்டும் தளங்களில் முதல் நாளே சேராதீர்கள். நான் சேர்ந்தேன். நான்கு மாதம் திறக்கவே இல்லை, பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கிராம்ப்ஸ் என்ற மென்பொருள் இலவசம், உங்கள் கணினியிலேயே ஓடும். ஃபேமிலிசர்ச் தளமும் இலவசம். பெயர்கள் நாற்பது ஐம்பது சேரும்வரை நோட்டே போதும்.

காலக் கணக்கு: அடுப்படிக்கும் பேச்சுக்கும் வாரம் இரண்டு நாள் வீதம் மூன்று மாதம் வையுங்கள். தோட்டத்துக்கு ஒரு வருடம் வேண்டும், அதைச் சுருக்க வழியில்லை. விண்ணப்பங்களை இரண்டாவது மாதமே போட்டுவிடுங்கள். அவை வந்து சேர்வதற்குள் மற்ற வேலை நடக்கும்.

2. சம்மதம் கேளுங்கள்

“பதிவு பண்ணட்டுமா பாட்டி?” என்று வாயால் கேட்டு, அவர் சரி என்று சொல்வதையும் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். யாரெல்லாம் கேட்கலாம், எதை யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். “இதை எழுதாதே” என்று அவர் சொல்கிற இடம் கண்டிப்பாக வரும். அந்த இடத்தில் பதிவை நிறுத்துங்கள். நிறுத்தியதைப் பார்த்த பிறகுதான் என் பாட்டி மற்ற எல்லாவற்றையும் தாராளமாகப் பேச ஆரம்பித்தார்.

3. அடுப்படியில் ஆரம்பியுங்கள்

“உங்க வாழ்க்கையைப் பத்தி சொல்லுங்க பாட்டி” என்று கேட்டால் கிடைக்கும் பதில், “என்னத்தச் சொல்றது, எல்லாரையும் மாதிரிதான்.” என் முதல் நாள் அப்படித்தான் முடிந்தது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். பாத்திரத்தை எடுக்கும்போதே அதை யார் கொடுத்தார்கள் என்பது வரும், கொடுத்தவர் யாருக்கு என்ன வேண்டும் என்பது அதற்குப் பின்னாலேயே வரும். அதனால் சமையல் குறிப்பு எழுதுவது சமையலுக்காக மட்டுமில்லை, குடும்ப வரலாற்றுக்கு வாசலே அதுதான்.

இப்போது அளவு. “எவ்வளவு உப்பு?” என்று கேட்காதீர்கள். “கண்ணளவுதான்” என்பார், அது உண்மையும்கூட. அளவுக் கரண்டியை அவர் கையில் கொடுத்து “இதில் போடுங்க” என்றும் சொல்லாதீர்கள். கை தடுமாறும், ருசி மாறும், பாட்டிக்கு எரிச்சல் வரும். நான் செய்து பலித்த வழி இது. அவர் சமைக்கத் தொடங்குவதற்கு முன் உப்பு டப்பா, மாவு டப்பா, எண்ணெய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் பாட்டுக்குச் சமைக்கட்டும். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அளவு. டப்பாவுக்குள் கரண்டி கிடந்தால் இரண்டு தடவையும் கரண்டியோடே எடை போட வேண்டும். இதை மறந்துதான் ஒரு குறிப்பில் உப்பை மூன்று மடங்காக எழுதி வைத்திருந்தேன்.

ஒரு தடவை அளந்தது போதாது. மூன்று நாள் அளந்தேன்: உப்பு 14 கிராம், 19 கிராம், 15 கிராம். பத்தொன்பது ஏன் என்று பார்த்தால் அன்று சாப்பிட ஆள் அதிகம். எத்தனை பேருக்கு என்பதையும் எழுதாத அளவு உதவாது.

தண்ணீர் ஒரு மி.லி. என்றால் ஒரு கிராம், தராசிலேயே பார்த்துவிடலாம். எண்ணெய் அப்படியில்லை, 100 மி.லி. எண்ணெய் ஏறக்குறைய 92 கிராம்தான் இருக்கும். பாட்டி “ஒரு டம்ளர்” என்றால் எந்த டம்ளர் என்று பாருங்கள். அந்த டம்ளரை வெறுமையாக எடை போட்டு, தண்ணீர் நிரப்பி மறுபடி போட்டால் அதன் கொள்ளளவு தெரிந்துவிடும். அச்சான சமையல் குறிப்புகளில் ஒரு கப் என்பது 240 அல்லது 250 மி.லி. என் பாட்டியின் டம்ளர் 180. இது தெரியாமல் செய்து பார்த்த இரண்டு முறையும் குழைந்து போனது. டம்ளரையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மசாலா மாதிரி கொஞ்சமாகப் போடும் பொருட்களுக்கு ஒரு கிராம் தராசு ஒத்துவராது. ஐந்து கிராமுக்குக் கீழே அது காட்டும் எண்ணை நம்பாமல், அவர் கிள்ளி எடுத்ததை ஒரு தட்டில் போடச் சொல்லி, அதை நீங்கள் அளவுக் கரண்டியில் அள்ளிப் பாருங்கள்.

நேரத்தை நிமிடத்தில் மட்டும் எழுதினால் வேறு அடுப்பில், வேறு பாத்திரத்தில் தப்பாகும். அவர் எதைப் பார்த்து அடுப்பை அணைக்கிறார் என்று கவனியுங்கள். நுரை அடங்குவதா, வாசனை மாறுவதா, சத்தம் குறைவதா, கரண்டியிலிருந்து விழும் விதமா? அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். கையை மட்டும் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு நிமிடம் காணொளி எடுத்தால் இரண்டு பக்கக் குறிப்புக்குச் சமம்.

கடைசிச் சோதனை முக்கியம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களே சமையுங்கள். பாட்டி பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. என் பாட்டியால் பத்து நிமிடம்கூட முடியவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அன்றுதான் தெரிந்தது, முதல் வேலையை அவர் முந்தின இரவே ஊறப்போட்டு முடித்திருந்தார் என்பது. நான் வந்து நின்றதே நடுவிலிருந்துதான். எந்தச் சமையலுக்கும் “நேத்து ராத்திரி ஏதாவது பண்ணி வச்சீங்களா?” என்று கேளுங்கள்.

அடுப்படியில் பேச்சைப் பதிவு செய்ய வேண்டாம். தாளிக்கும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அவர் சொல்லிவிட்டுப் போகும் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு, பிறகு அமைதியான அறையில் அதிலிருந்து தொடங்குங்கள்.

4. தோட்டத்துக்கு ஒரு வருடம்

செடி வேலையை ஒரே நாளில் கேட்டு எழுத முடியாது. இந்த மாதம் செய்வது மட்டும்தான் இந்த மாதம் ஞாபகம் வரும். மாதத்துக்கு ஒரு பக்கமாகப் பன்னிரண்டு பக்கம் ஒதுக்கி, என்ன விதைத்தார், எதை வெட்டினார், எப்போது பூத்தது என்று வரவர எழுதுங்கள். ஒவ்வொரு செடிக்கும் “இது யார்கிட்டேருந்து வந்தது?” என்ற கேள்வியைக் கேளுங்கள். என் நோட்டில் உறவுமுறைப் பக்கத்தில் வராத நான்கு பெயர்கள் தோட்டப் பக்கத்தில் வந்தன.

பாட்டி சொல்லும் செடிப் பெயர் வீட்டுப் பெயராக இருக்கலாம். இலை, பூ, காய் மூன்றையும் படம் எடுத்து, தாவரவியல் பெயரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். அவர் சொன்ன பெயரை அடித்துவிடாதீர்கள்.

விதை எடுத்து வைக்கும்போது கவனிக்க வேண்டியது ஈரம். நிழலில் நன்றாகக் காயவைத்து, காகித உறையில் போட்டு, அந்த உறையைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உறைக்கு வெளியே ஒரு பெயர், உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று. பேனா மை மங்கும், பென்சில் மங்காது. தக்காளி மாதிரி சதையோடு இருக்கும் விதையை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் புளிக்க விட்டுக் கழுவினால் வழவழப்பு போய்விடும். வெங்காய விதை ஓரிரு வருடத்தில் முளைப்புத் திறனை இழக்கும். தக்காளி விதை நான்கு வருடம் தாங்கும். சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள், ஏழு முளைத்தால் எழுபது சதவீதம் என்று கணக்கு.

இங்கே ஒரு பொறி. கடையில் வாங்கிய எஃப்1 கலப்பின விதையிலிருந்து (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) வளர்ந்த செடியின் விதையைச் சேமித்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. பாட்டி பல வருடமாகத் தானே எடுத்து விதைப்பது எது, கடையில் வாங்கியது எது என்று பிரித்துக் கேளுங்கள். இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்கு விதையைச் சாதாரணத் தபாலில் அனுப்பாதீர்கள். பல நாடுகள் தாவர நலச் சான்றிதழ் கேட்கின்றன, இல்லையென்றால் பறிமுதல்தான். உள்ளூரிலேயே இரண்டு மூன்று வீட்டுக்குப் பதியன் போட்டுக் கொடுத்துவைப்பது செடிக்கு நல்ல காப்பு.

5. பேச்சைப் பதிவு செய்வது

மின்விசிறி, ஏசி இரண்டையும் அணையுங்கள். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் நேரில் கேட்காது, பதிவில் கேட்கும். கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல், பாட்டியிடமிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் அவர் விரல் தட்டுவதுகூட இடியாக விழும். முப்பது விநாடி பதிந்து, காதில் இயர்போன் வைத்துக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இந்த முப்பது விநாடியைச் செய்யாததால்தான் என் ஆறு மணி நேரம் போனது.

முடிந்தால் வேவ் கோப்பாக, அதாவது ஒலியைச் சுருக்காத வடிவில், பதியுங்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 300 எம்.பி.க்குச் சற்று மேல் பிடிக்கும், ஸ்டீரியோ என்றால் இரண்டு மடங்கு. கைபேசியில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பதிவு தொடங்கியதும் தேதி, இடம், யார் யார் இருக்கிறோம் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரை 2025-03-05 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் தொடங்குங்கள். பட்டியல் தானாகக் காலவரிசையில் நிற்கும்.

ஒரு தடவைக்கு நாற்பத்தைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் அவர் களைத்துப்போய்ச் சுருக்கிச் சொல்ல ஆரம்பிப்பார்.

எனக்கு அதிகம் கைகொடுத்த கேள்வி: “நீங்க சின்ன வயசுல இருந்த வீட்டுல, வாசலைத் தாண்டினதும் முதல்ல என்ன இருக்கும்?” அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வீட்டை வரையுங்கள். நீங்கள் தப்பாக வரைவீர்கள், அவர் பென்சிலைப் பிடுங்கித் திருத்துவார். ஒவ்வோர் அறையிலும் யார் படுத்தார்கள் என்று கேட்டால், பள்ளிக்கூடச் சான்றிதழில் இல்லாத ஆட்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். கைக்குழந்தையாக இறந்துபோன ஒரு தம்பியைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டுப் படத்தில் தூளி தொங்கிய இடத்தைக் காட்டும்போதுதான் அது வந்தது.

அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். தேதி தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்தவும் வேண்டாம், பிறகு ஆவணத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரப் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுத, பழக்கமில்லாதவருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் எழுத நினைத்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் ‘எந்த நிமிடத்தில் என்ன’ என்று அட்டவணை போட்டால் போதும். தேவையான பகுதியை மட்டும் முழுதாக எழுதுங்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகள் ஆள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும்தான் அதிகம் சொதப்பும், நமக்கு வேண்டியதோ அந்த இரண்டும்தான்.

6. உறவுமுறைச் சொல்லை நம்பி மரம் வரையாதீர்கள்

பாட்டி “மாமா” என்றால் அது அம்மாவின் தம்பியாக இருக்கலாம், அத்தையின் கணவராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். “பெரியப்பா” அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனான அண்ணனா? ஒவ்வொரு பெயருக்கும் “அவங்க அப்பா யாரு, அம்மா யாரு?” என்று கேட்டால்தான் கோடு போட முடியும். பதில் இல்லாவிட்டால் கோட்டைப் புள்ளிக்கோடாக விடுங்கள். நான் ஒரு “சித்தப்பா”வை மரத்தில் இணைத்துவிட்டு, அவர் பிள்ளைகள் வரை ஆறு மாதம் தேடினேன். அவர் தாத்தாவோடு வேலை பார்த்த நண்பர்.

ஆளுக்கு ஒரு பக்கம். பிறந்தபோது வைத்த பெயர், கூப்பிட்ட பெயர், திருமணத்துக்குப் பின் எழுதிய பெயர், ஆவணங்களில் வந்த எழுத்து வேறுபாடுகள் எல்லாம் அதில். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பம் என்றால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், எண் இல்லாமல் சமாளிக்க முடியாது. உலகம் முழுக்கப் புழங்கும் எளிய எண்முறை ஒன்று இருக்கிறது. நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அவருடைய அம்மா. அப்பாவைப் பெற்ற பாட்டி 5, அம்மாவைப் பெற்ற பாட்டி 7, அந்தப் பாட்டியின் அம்மா 15. கூடப்பிறந்தவர்களுக்கு 7அ, 7ஆ என்று போட்டுக்கொள்ளலாம். புகைப்படக் கோப்புக்கும் இதே எண்.

தேதி விஷயத்தில் இரண்டு பொறிகள். 1931இல் ஒருவருக்கு 34 வயது என்று பதிவில் இருந்தால் அவர் 1896இலும் பிறந்திருக்கலாம், 1897இலும் பிறந்திருக்கலாம். ஒரே வருடத்தை முடிவாக எழுதாதீர்கள். இரண்டாவது, 40, 50, 60 என்று உருட்டிச் சொன்ன வயதுகள் பழைய பதிவுகளில் நிறைய வரும். சரியான தேதி தெரியாதபோது “பெரியவன் பிறக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று தெரிந்த நிகழ்ச்சிகளுக்கு நடுவில் பொருத்திக் கேளுங்கள்.

ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: பாட்டி சொன்னது, எந்தத் தேதியில், அல்லது எந்தச் சான்றிதழ். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் வையுங்கள்.

7. புகைப்படங்கள்

ஆல்பத்திலிருந்து எதையும் எடுப்பதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே படம் எடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு சாட்சி. பசை தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பமாக இருந்தால் நகத்தால் பெயர்க்காதீர்கள். பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, மெதுவாக அறுப்பது போல இழுக்க வேண்டும். வரவில்லையா, விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். நான் கிழித்த இரண்டும் “இன்னும் கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும்” என்று நினைத்து இழுத்தவை.

ஸ்கேன் அளவு: காகித ஆவணத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), புகைப்படத்துக்கு 600, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200, பிலிம் நெகட்டிவுக்கு 2400 அல்லது அதற்கு மேல். 4×6 அங்குலப் படம் 600 டி.பி.ஐ.யில் 2400×3600 புள்ளிகள் வரும், சுருக்காத டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 எம்.பி. மூலத்தை டிஃப்பாக வைத்து, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். சித்தி வீட்டிலிருந்து எனக்கு வந்த எண்பது படங்களையும் இதனால் மறுபடி கேட்டு வாங்க வேண்டியதாயிற்று, அவர் பேச்சையும் சேர்த்து.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். வழுக்கும் தாளாக இருந்தால் உறையில் எழுதுங்கள். செல்லோ டேப்பும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் தானாகவே வெளுத்துப்போகும், அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

ஆட்களை அடையாளம் காண, படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஒவ்வொரு முகத்திலும் எண் போட்டு பாட்டி கையில் கொடுங்கள். “யாருன்னு தெரியல” என்றால் அந்த எண்ணையும் அப்படியே எழுதி வையுங்கள், அடுத்த வாரம் தெரியும்.

8. ஆவணங்கள்: விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு

முதலில் வீட்டுப் பெட்டி. பள்ளிச் சான்றிதழ், பத்திரம், பழைய பாஸ்போர்ட், கடிதங்கள், அழைப்பிதழ்கள், மருத்துவமனைச் சீட்டு. அழைப்பிதழ் ஒன்று போதும், இரண்டு குடும்பங்களின் மூன்று தலைமுறைப் பெயர்கள் கிடைத்துவிடலாம்.

அதற்குப் பிறகுதான் அலுவலகம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு கேட்கும்போது பெரும்பாலும் கேட்பவை: முழுப் பெயர், ஏறக்குறையத் தேதி, நிகழ்ந்த இடம், பெற்றோர் பெயர், உங்களுக்கு என்ன உறவு என்பதற்கு ஆதாரம், உங்கள் அடையாள அட்டை நகல், கட்டணம். உறவை நிரூபிக்க உங்களிடமிருந்து மேல்நோக்கிப் போங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அம்மாவுடையது, பிறகு பாட்டியுடையது. நடுவில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள்.

என் மூன்று கட்டணக் கதை இது. பாட்டியின் அம்மாவுடைய பிறப்புப் பதிவைத் திருமணத்துக்குப் பின் வந்த பெயரில் கேட்டேன், இல்லை என்றார்கள். பிறந்த பெயரில் கேட்டேன், வருடம் ஒன்று தள்ளியிருந்தது, மறுபடி இல்லை. மூன்றாவது தடவை ஐந்து வருட இடைவெளி கொடுத்துத் தேடச் சொன்னதும் கிடைத்தது. பல இடங்களில் இப்படித்தான், தேடியதற்குக் கட்டணம், கிடைக்காவிட்டாலும் திரும்பாது. எத்தனை வருடம் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தும் தொகை மாறும். பணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் கேளுங்கள்.

முத்திரையோடு கூடிய சான்றிட்ட நகலும் சாதாரண நகலும் வேறு வேறு. சட்ட வேலைக்குத்தான் முதலாவது தேவை. குடும்ப வரலாற்றுக்குச் சாதாரண நகல் கிடைத்தால் அதுவே போதும், அநேகமாக அதுதான் மலிவு. நிர்வாக எல்லை மாறியிருந்தால் பழைய பதிவேடு பழைய அலுவலகத்திலேயே இருக்கலாம், நிகழ்ச்சி நடந்த காலத்தில் அந்த ஊர் எதன்கீழ் இருந்தது என்று பாருங்கள். ரசீது எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பதில் வர வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். நினைவூட்டலை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் சொன்னதற்கு யாரும் பொறுப்பில்லை.

பணம் கட்டினாலும் திறக்காத பதிவுகளும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் அமெரிக்காவில் 72 ஆண்டு, கனடாவில் 92 ஆண்டு, பிரிட்டனில் 100 ஆண்டு கழித்துத்தான் வெளியாகும். எல்லா நாட்டிலும் வெளியிடுவதும் இல்லை. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இறப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். துக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ வாயால் சொன்னது அது. நிகழ்ச்சி நடந்த சமயத்தில் எழுதிய பதிவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

டி.என்.ஏ. சோதனையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். செய்வதானால் உங்களுக்கு முன் பாட்டிக்குச் செய்யுங்கள். ஒரு பாட்டியிடமிருந்து உங்களுக்கு வந்தது சராசரியாக நான்கில் ஒரு பங்குதான். ஆனால் யாரும் எதிர்பார்க்காத உண்மை வெளிவரலாம் என்பதை வீட்டில் எல்லாரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் பேசினோம், வேண்டாம் என்று முடிவானது.

9. பாதுகாத்து வைப்பது

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

குடும்ப மரத்தை ஜெட்காம் என்ற பொதுக் கோப்பு வடிவிலும் இறக்கி வையுங்கள். ஒரு மென்பொருள் நின்றுபோனால் இன்னொன்று அதைப் படிக்கும். ஆனால் வழக்கமான ஜெட்காம் கோப்புக்குள் படங்கள் வராது, அவற்றைத் தனியாக நகல் எடுக்க வேண்டும்.

இணையத்தில் மரத்தைப் பொதுவில் வைப்பதானால் உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியையும், அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் மறைத்துவிடுங்கள். வங்கிகள் பாதுகாப்புக் கேள்வியாகக் கேட்பவை அவைதான்.

10. அச்சிடுவதற்கு முன்

முழு வடிவத்தையும் பாட்டிக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றி எழுதியதை அவர் திருத்துவார், மற்றவர்களைப் பற்றிச் சொன்ன சிலவற்றை எடுத்துவிடவும் சொல்வார். எடுத்துவிடுங்கள். அமிலமற்ற தாளில், 16 புள்ளி எழுத்தில், முதலில் இரண்டே இரண்டு பிரதி அச்சிடுங்கள். மொத்தமாக அச்சிட்டால் மலிவு என்பார்கள், கேட்காதீர்கள். தப்பு தெரிவது அச்சான பிறகுதான்.

முதல் பிரதியில் கடைசிப் பத்துப் பக்கங்களை வெறுமையாக விட்டு, பென்சிலோடு பாட்டியிடமே கொடுத்துவிட்டேன். மறுநாளே எழுதியிருந்தார்: “பக்கம் 31, உப்பு ஜாஸ்தி.”